வயது வந்தபின் வயோலா: எந்தத் தேர்வு, எதற்காக?

வேலை, குடும்பம், வீட்டுக்கடன் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, வயலினைவிடப் பெரிய, கனத்த குரல் கொண்ட வயோலாவைக் கற்கத் தொடங்கியவர்கள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஒரு கட்டத்துக்கு வருகிறார்கள். விரல் ஓரளவு சரியான இடத்தில் விழுகிறது. வில் கீச்சிடுவது குறைந்திருக்கிறது. "ஒரு கிரேடு தேர்வு எழுதிப் பாருங்களேன்" என்கிறார் ஆசிரியர். குழப்பம் அங்கே தொடங்குகிறது. இசைத் தேர்வு நடத்தும் பிரிட்டிஷ் அமைப்புகளில் ஏபிஆர்எஸ்எம்மா, ட்ரினிட்டியா? நேரில் போய் வாசிப்பதா, வீடியோ எடுத்து அனுப்புவதா? ஒன்று முதல் எட்டு வரையான கிரேடுகளில் எதிலிருந்து தொடங்குவது? ஸ்கேல் என்னும் ஸ்வர வரிசைப் பயிற்சியும், முன்பின் பார்த்திராத தாளைப் பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங்கும் இந்த வயதில் நமக்குத் தேவைதானா?

பியானோக்காரர்களும் கித்தார்க்காரர்களும் இந்தக் கேள்விகளுக்கு வைத்திருக்கும் பதிலை வயோலாவுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பியானோ தனக்குத் தானே போதுமான கருவி. வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆயுள் முழுக்க வாசிக்கலாம், ஒரு குறையும் இருக்காது. வயோலாவின் இடம் நடுவில். மேலே வயலின்கள், கீழே செல்லோ, இடையில் இசைவை நிரப்பும் குரல் அது. இருபதாம் நூற்றாண்டில் லயனல் டெர்டிஸ் போன்றவர்கள் அதைத் தனிக்கச்சேரி மேடைக்கு இழுத்து வந்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் பொழுதுபோக்காக வாசிக்கும் ஒருவருக்கு வயோலா தரும் மகிழ்ச்சியில் பெரும்பங்கு நான்கு பேரோடோ நாற்பது பேரோடோ சேர்ந்து வாசிக்கும்போதுதான் கிடைக்கிறது.

அந்த நடுக்குரலில் பெரும்பாலும் மெட்டு இருக்காது. பாட்டைக் கேட்டுப் பிடித்து வாசிக்கும் திறமை அங்கே அரைவாசிதான் உதவும். எட்டு தாளக்கட்டம் (பார்) ஓய்வு, பிறகு தாளத்துக்கு எதிராக விழும் ஒற்றை ஸ்வரம், மறுபடி ஓய்வு என்று போகும் பகுதியைத் தாளைப் பார்த்துத்தான் வாசிக்க முடியும். ஆகவே தேர்வுகளை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: இதற்குத் தயாராகும் மாதங்கள், முன்பின் பார்த்திராத ஒரு தாளை முன்னால் வைத்தால் பிறரோடு சேர்ந்து வாசிக்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுபோகுமா, போகாதா? சான்றிதழின் மரியாதை, கட்டணம், வசதி எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் கருவி

தேர்வைப் பற்றிப் பேசும் முன் கருவியின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. முழு அளவு வயலினின் உடல் சுமார் 14 அங்குலம் என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்டாகிவிட்டது. வயோலாவுக்கு அப்படி ஒரு நிர்ணயம் கிடையாது. பெரியவர்கள் வாசிக்கும் வயோலாக்கள் 15 அங்குலத்திலிருந்து 17 அங்குலம் வரை கிடைக்கின்றன. டெர்டிஸ் தன் பெயரில் வடிவமைத்த மாதிரி 16¾ அங்குலம். பெரிய உடலில் சி தந்தி நன்றாக முழங்கும் என்பதற்காகக் கைக்கு மீறிய கருவியை வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் இடது தோளைப் பிடித்துக்கொண்டு திரிபவர்கள் உண்டு. நாற்பது வயதில் தசைநார் வலி வந்தால் அது பத்து வயதில் வருவதுபோல ஒரு வாரத்தில் போய்விடாது. சராசரி உயரமுள்ள நம்மவர்களுக்கு 15½ அல்லது 16 அங்குலம் போதும். கையை நீட்டிச் சுருள் தலையை விரல்களால் தளர்வாகப் பற்ற முடிகிறதா, நான்காம் விரல் சி தந்தியில் இழுபடாமல் விழுகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

வீட்டிலிருக்கும் வயலினில் வயோலாத் தந்திகளைக் கட்டிக்கொண்டு தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தொடங்கலாம். ஏபிஆர்எஸ்எம் தேர்வுக்கே அப்படிக் கட்டிய வயலினோடு போகலாம். ஆனால் மேல் கிரேடுகளில் எதிர்பார்க்கும் நாத வேறுபாடுகளைச் சிறிய கருவியிலிருந்து எடுப்பது கடினம். கீழ்க் கிரேடுகளுக்கு மட்டும் அது ஓர் இடைக்கால ஏற்பாடு.

எங்கிருந்து வருகிறீர்கள்

எந்தத் தேர்வு பொருந்தும் என்பது நீங்கள் எந்த வாசலிலிருந்து வயோலாவுக்குள் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எந்தக் கருவியும் தொடாமல் நேராக வயோலாவுக்கு வந்தவருக்குச் சுமை குறைவு. கிளெஃப் என்பது எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று சொல்லும் குறி; நடுக்கோட்டில் நடு சி உட்காரும் ஆல்ட்டோ கிளெஃப்தான் அவருக்கு முதல் எழுத்து, அதனால் அது அவருக்கு விசித்திரமாகவே தோன்றாது.

மேற்கத்திய வயலின் வாசித்துவிட்டு வருபவருக்கு ஒரு குறுக்கு வழி தெரிந்திருக்கும். ஆல்ட்டோ கிளெஃப்பை வயலினின் ட்ரெபிள் கிளெஃப் என்று நினைத்துக்கொண்டு, மூன்றாம் பொசிஷனில் (பொசிஷன் என்பது தந்தியில் இடது கை நிற்கும் இடம்) எந்த விரல் விழுமோ அந்த விரலை முதல் பொசிஷனில் வைத்தால் சரியான ஸ்வரம் வந்துவிடும். ஷார்ப், ஃபிளாட்டுகளை மட்டும் கவனித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். முதல் மூன்று கிரேடுகள்வரை இந்த வித்தை தாக்குப்பிடிக்கும். வயோலாவிலேயே மூன்றாம் பொசிஷனுக்குப் போகவேண்டி வரும்போதும், மேல் கிரேடுகளில் தாளின் நடுவில் ட்ரெபிள் கிளெஃப் திடீரென்று முளைக்கும்போதும் எல்லாம் சரிந்துவிடும். ஸ்வரத்தின் பெயரைச் சொல்லிப் படிக்கப் பழகாதவரை அந்த வாசகர் உண்மையில் வாசிக்கவில்லை, விரல் எண்களை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார்.

நம் ஊரைப் பொறுத்தவரை சுவையான வாசல் மூன்றாவது: கர்நாடக வயலின். சிறுவயதில் வர்ணம், கீர்த்தனை வரை போய், பிறகு படிப்பு, வேலை என்று விட்டுவிட்டு, நாற்பதை நெருங்கும்போது வயோலாவின் கனத்த குரலில் மயங்கி வருகிறவர்கள். பாலமுரளிகிருஷ்ணா வயோலாவும் வாசித்தவர் என்பது இவர்களில் பலருக்கு ஒரு தெம்பு.

இவர்கள் கொண்டுவரும் மூலதனம் பெரியது. செவி கூர்மையானது. வில்லை நீளமாக, சீராக இழுக்கத் தெரியும். தாளக் கணக்கில் தடுமாற்றம் இல்லை. ஆனால் சில விஷயங்களை அடியோடு மாற்றியாக வேண்டும். கர்நாடக வயலினில் ஸ ப ஸ ப என்று சுருதி சேர்க்கும்போது நடு இரண்டு தந்திகளுக்கு இடையே பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரையிலான இடைவெளி, அதாவது ஒரு சுத்த மத்யம தூரம். வயோலாவில் சி, ஜி, டி, ஏ என்று எல்லாத் தந்திகளுக்கும் இடையே பஞ்சம தூரம். தந்தி தாண்டும்போது நடுவில் விரல் பழகிய கணக்கு தப்பிப்போகும். அடுத்தது, பிடிக்கும் முறை. சம்மணமிட்டு அமர்ந்து, சுருள் தலையை வலது கணுக்கால் பக்கம் ஊன்றி வாசிக்கும்போது இடது கைக்குக் கருவியைத் தாங்கும் வேலையே இல்லை. அதனால்தான் ஒரே விரலால் தந்தி நெடுக வழுக்கிக் கமகம் கொடுக்க முடிகிறது. மேற்கத்திய முறையில் நின்றுகொண்டோ நாற்காலியிலோ, தாடைக்கும் தோளுக்கும் இடையே கருவியை வைக்கவேண்டும். வயலினைவிடக் கனமான வயோலாவில் இந்த மாற்றம் கழுத்துக்கும் கட்டைவிரலுக்கும் உடனே தெரியும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான மாற்றம் கண்ணுக்கு. குருமுகமாகக் கேட்டு, மனத்தில் ஏற்றி, நினைவிலிருந்து வாசித்துப் பழகிய மனம், ஐந்து கோட்டு எழுத்துமுறையான ஸ்டாஃப் நோட்டேஷனில் ஓர் உருப்படியை மூன்றாவது முறை வாசிக்கும்போதே அதை மனப்பாடம் செய்துவிடும். கண் தாளில்தான் நிற்கும், விரல்கள் நினைவிலிருந்து ஓடும். வெளியிலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தத் திறமை உள்ளவர் நான்கு உருப்படிகளை அழகாகத் தயார்செய்து ஐந்தாம் கிரேடு வாங்கிவிட்டு, ஆர்கெஸ்ட்ராவில் முதல் ஒத்திகையில் இரண்டாவது வரியிலேயே தொலைந்துபோகலாம். தேர்வைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

நேரில் எழுதும் இரண்டு தேர்வுகள்

1889இல் தொடங்கிய ஏபிஆர்எஸ்எம்மின் நேர்முகத் தேர்வுக்குப் பெயர் பிராக்டிகல் கிரேடு. மொத்தம் 150 மதிப்பெண். மூன்று உருப்படிகளுக்குத் தலா 30, ஸ்கேலும் ஆர்பெஜியோவும் (ஸ்வரங்களைத் தாவித்தாவி வாசிக்கும் பயிற்சி) 21, சைட் ரீடிங் 21, செவித்திறன் 18. தேர்ச்சிக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. இந்தக் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மூன்று உருப்படிகளையும் ஒரு குறையும் இல்லாமல் வாசித்தாலும் கையில் இருப்பது 90தான். மீதிப் பத்துக்கு ஸ்கேலிடமோ சைட் ரீடிங்கிடமோ செவித்திறனிடமோ போயே தீரவேண்டும். நடைமுறையில் யாரும் 90 வாங்குவதில்லை என்பதால், உருப்படி அல்லாத 60 மதிப்பெண்ணை அலட்சியப்படுத்தி இந்தத் தேர்வில் தேற முடியாது.

ட்ரினிட்டியின் நேர்முகத் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு. மூன்று உருப்படிகளுக்குத் தலா 22, ஸ்கேல் போன்ற தொழில்நுட்பப் பயிற்சிக்கு 14, துணைச் சோதனைகள் இரண்டுக்கும் தலா 10. தேர்ச்சி 60, மெரிட் 75, டிஸ்டிங்ஷன் 87. இங்கே உருப்படிகளின் பங்கு 66. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால், அபாரமான உருப்படிகளே ஒருவரைக் கரையேற்றிவிடும். சொந்தமாக இயற்றிய ஒன்றை ஓர் உருப்படியாக வாசிக்கவும் ட்ரினிட்டி இடம் தருகிறது. இது சிலருக்குப் பெரிய ஈர்ப்பு.

துணைச் சோதனைகளில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. ட்ரினிட்டியில் ஐந்தாம் கிரேடுவரை சைட் ரீடிங், செவித்திறன், மனோதர்ம வாசிப்பு, இசையறிவுக் கேள்விகள் ஆகிய நான்கில் எவையேனும் இரண்டை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இசையறிவு என்பது வாசிக்கும் உருப்படிகளைப் பற்றித் தேர்வாளர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது. பேசத் தெரிந்த பெரியவருக்கு அது வெண்ணெய். கல்பனாஸ்வரம் பாடிப் பழகியவர், ஒரு சிறு இசைச் சொற்றொடரைக் கொடுத்து அதை வளர்த்து வாசிக்கச் சொல்லும் மனோதர்மச் சோதனையில் சிறிது பழக்கத்துக்குப் பிறகு நன்றாகவே தேறுவார். ஆக, முதல் ஐந்து கிரேடுகளையும் ஒருமுறைகூட சைட் ரீடிங் செய்யாமலே கடந்துவிடலாம். ஆறாம் கிரேடில் சைட் ரீடிங் கட்டாயமாகும்போது என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வயோலாவுக்கு இது நல்ல பாதை அல்ல என்பது என் கருத்து. அதே ட்ரினிட்டியில் சைட் ரீடிங்கை விரும்பியே தேர்ந்தெடுத்தால் நிலைமை வேறு. அப்போது பத்து மதிப்பெண்தான் ஆபத்தில் இருக்கிறது. 150இல் 21 என்ற ஏபிஆர்எஸ்எம் பளுவைவிட அது இலேசு, பழகும் காலத்தில் பயமும் குறைவு.

செவித்திறனிலும் இரண்டுக்கும் குணம் வேறு. ஏபிஆர்எஸ்எம்மில் கேட்ட சொற்றொடரைத் திரும்பப் பாடிக்காட்ட வேண்டும். கர்நாடக இசை பயின்றவருக்குக் கீழ்க் கிரேடுகளில் இது இனாமாக வரும் மதிப்பெண். மேலே போகப்போக நிலைமை தலைகீழாகிறது. ஆறாம் கிரேடில் ஒரு சொற்றொடர் எந்த வகைக் கேடென்ஸில் (வாக்கியத்தின் முடிவுபோல அமையும் இசைவுக் கோவை) முடிகிறது என்று சொல்ல வேண்டும், ஏழில் இரண்டு குரல்களில் கீழ்க்குரலைப் பிரித்துப் பாட வேண்டும். ஒற்றை மெட்டையே கேட்டு வளர்ந்த காது இதற்குத் தனியாகப் பழக வேண்டும். சேர்ந்து வாசிக்கும்போது வயோலாக்காரருக்கு வேண்டிய காதும் இந்தக் காதுதான் என்பதால், அந்தச் சிரமத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ட்ரினிட்டியின் செவிச் சோதனையில் பாட வேண்டாம். கேட்டதை வாயால் விவரித்தால் போதும். முன்பின் தெரியாதவர் முன் பாடக் கூசும் பெரியவர்கள் இதற்காகவே ட்ரினிட்டிக்குப் போவது எனக்குப் புரிகிறது.

இன்னொரு முள்வேலி: ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடுக்கும் அதற்கு மேலும் போக ஐந்தாம் கிரேடு தியரியையோ அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் ஒன்றையோ முடித்திருக்க வேண்டும். ட்ரினிட்டியில் அப்படி நிபந்தனை இல்லை. தியரி இப்போது கணினியில் எழுதும் தேர்வு, 75க்கு 50 எடுத்தால் போதும். பெரியவர்களுக்கு உண்மையில் இது எளிய பகுதி. பியானோ மாணவர்கள் ஆல்ட்டோ கிளெஃப் வரும்போது விழிப்பார்கள், நமக்கு அது சொந்த வீடு. தியரிக்காகவே ட்ரினிட்டியைத் தேர்ந்தெடுப்பது வீண் பயம்.

இரண்டு அமைப்புகளிலும் அறையில் இருப்பவர் பெரும்பாலும் ஒரே தேர்வாளர். அவர் வயோலாக்காரராக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பியானோவோ ட்ரம்பெட்டோ வாசிப்பவராக இருக்கலாம். அதனால் கருத்துத் தாளில் உங்கள் வலது மணிக்கட்டுக்கு மருத்துவம் எதிர்பார்க்க வேண்டாம். சுருதி, தாளம், நாதம், சொற்றொடர் ஆகியவை குறித்த பொதுவான, ஆனால் நேர்மையான வெளிப்பார்வை கிடைக்கும்.

வீடியோ எடுத்து அனுப்பும் தேர்வுகள்

2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டு அமைப்புகளும் காணொளித் தேர்வுகளைக் கொண்டுவந்தன. அவை நிலைத்துவிட்டன. ஏபிஆர்எஸ்எம்மின் பெர்ஃபார்மன்ஸ் கிரேடில் நான்கு உருப்படிகள், தலா 30. மொத்த நிகழ்ச்சி எப்படி இருந்தது என்பதற்கு இன்னொரு 30. ஸ்கேல் இல்லை, சைட் ரீடிங் இல்லை, செவிச் சோதனை இல்லை. நான்கில் ஒன்று உங்கள் விருப்பப்படி. வெட்டி ஒட்டாமல் ஒரே தொடர்ச்சியாகப் பதிவுசெய்ய வேண்டும். ட்ரினிட்டியின் காணொளித் தேர்விலும் சைட் ரீடிங்குக்கு இடமில்லை. உருப்படிகளை மட்டும் வாசிப்பதா, தொழில்நுட்பப் பயிற்சியையும் சேர்ப்பதா என்று தேர்ந்துகொள்ளும் வழி உண்டு.

இவை இரண்டாந்தரத் தேர்வுகள் என்று சிலர் முகம் சுளிப்பது நியாயமில்லை. நான்கு உருப்படிகளை இடைவிடாமல், ஒரு சிறு கச்சேரிபோல வாசிப்பதற்குத் தனி உடல் வலு வேண்டும். விருப்ப உருப்படி பெரியவர்களுக்கு உண்மையான வரம். வயோலாவின் கீழ்க் கிரேடுப் பட்டியல்களில் நாட்டுப்பாடல்களும் வயலினிலிருந்து இரவல் வாங்கியவையும் நிறைய. ஐம்பது வயதுக்காரருக்கு அவற்றில் சில சலிப்பூட்டும். இரவல் என்பது வயோலாவின் தலையெழுத்து. உச்சத்தில்கூட பாக் செல்லோவுக்கு எழுதிய சூட்களையும், பிராம்ஸ் 1894இல் கிளாரினெட்டுக்கு எழுதித் தானே வயோலாவுக்கு மாற்றித்தந்த சொனாட்டாக்களையும்தான் எல்லாரும் வாசிக்கிறார்கள். ஹாண்டெல் பெயரில் மாணவர்கள் வாசித்துவரும் பி மைனர் கான்செர்ட்டோவை உண்மையில் எழுதியவர் இருபதாம் நூற்றாண்டின் ஆன்றி காசட்சூ. இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில், தனக்குப் பிடித்ததைத் தானே கொண்டுவந்து வாசிக்கும் உரிமை மதிப்புள்ளது.

வசதி என்ற பேச்சை மட்டும் நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். நேரில் போனால் ஒரே வாய்ப்பு, இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வீட்டில் பதிவுசெய்தால் முடிவே இல்லை. நான்காவது உருப்படியின் கடைசி வரியில் ஒரு ஸ்வரம் வழுக்கினால் முதல் உருப்படியிலிருந்து மறுபடி தொடங்கத் தோன்றும். மின்விசிறியை நிறுத்தினால் வியர்வையில் விரல் வழுக்கும், ஓடவிட்டால் பதிவில் இரையும். பக்கத்து வீட்டுக் குக்கர் எப்போது விசிலடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. கைபேசியின் ஒலிவாங்கி சி தந்திக்குப் பகை. 131 ஹெர்ட்ஸை ஒட்டிய அந்த அடித்தொனிதான் வயோலாவின் அழகு, அதைத்தான் கைபேசி முதலில் மெலிதாக்கும். தனி ஒலிவாங்கி ஒன்றைக் கடன் வாங்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

மேடை நடுக்கம் உள்ளவர்களுக்கு வீடியோ நல்லது என்பதும் பாதி உண்மைதான். நடுக்கம் வில் பிடிக்கும் வலது கையில் தெரியும். மெதுவான உருப்படியில் நீண்ட வில் இழுக்கும்போது தந்தியின்மேல் அது குதிக்கும். அந்த நடுக்கத்தோடு வாசிக்கப் பழகுவது பிறர் முன் வாசிப்பதால் மட்டுமே வரும்.

பக்கவாத்தியம் என்ற தனிக் கதை

நம் நகரங்களில் தேர்வைத் தீர்மானிப்பது பல சமயம் தேர்வு அமைப்பு அல்ல, பியானோ வாசிப்பவர். துணையோடு எழுதப்பட்ட உருப்படிகளைத் துணையோடுதான் வாசிக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் தேர்வாளர் உங்களுக்காக வாசிக்க மாட்டார், ஆளை நீங்கள்தான் அழைத்துவர வேண்டும். சென்னையில் பியானோ ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இன்னொருவரின் மூச்சைக் கேட்டு, அவர் தடுமாறும் இடத்தில் காத்திருந்து வாசிக்கும் பழக்கம் உள்ளவர்கள் குறைவு. திரையிசைப் பதிவுகளிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் வாசித்துத் தேறியவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள், அதனாலேயே அவர்களுக்கு நேரம் கிடைக்காது. கோவை, மதுரை, திருச்சி என்று போனால் தேடல் இன்னும் நீளும்.

இதில் நேர்முகத் தேர்வுக்கும் வீடியோவுக்கும் உள்ள செலவு வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. நேர்முகத் தேர்வுக்குப் பியானோ வாசிப்பவர் இரண்டு மூன்று ஒத்திகைக்கும் தேர்வு நாளன்று ஒரு மணி நேரத்துக்கும் வந்தால் போதும். வீடியோவுக்கு நல்ல பியானோ உள்ள அறை, நீங்கள் திருப்தியடையும்வரை அவர் காத்திருக்கும் ஒரு முழு மதியம், சில சமயம் இன்னொரு மதியம். துணையில்லாமல் தனித்து வாசிக்கும் உருப்படிகளும் பட்டியல்களில் உண்டு. அவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் சுமை குறையும். பதிவுசெய்த பின்னணி இசையை எந்தக் கிரேடில், எந்த வகைத் தேர்வில் அனுமதிக்கிறார்கள் என்பதை நடப்புப் பாடத்திட்டத்தில் படித்துவிட்டு முடிவுசெய்ய வேண்டும். அது தேர்வுக்குத் தேர்வு மாறும்.

எந்தக் கிரேடு, அல்லது கிரேடே வேண்டாமா?

ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஏறவேண்டும் என்ற விதி எந்த அமைப்பிலும் இல்லை. வயது வரம்பும் இல்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு ஒவ்வொரு படியும் ஊக்கம் தரும், பெரியவருக்கு ஒவ்வொரு தேர்வும் மூன்று நான்கு மாதங்களை விழுங்கும். அந்த மாதங்களில் புதிய உருப்படிகள் எதுவும் வாசிப்பதில்லை, அதே மூன்றைத்தான் தேய்க்கிறோம். புதிதாகத் தொடங்கியவர் முதல் தேர்வாக மூன்றாம் கிரேடை எடுப்பது சரி என்று நினைக்கிறேன். பிறகு ஐந்து. முடிந்தால் நேராக ஏழு அல்லது எட்டு, முடியாவிட்டால் ஐந்தோடு நிறுத்திக்கொள்வதிலும் குறைவொன்றும் இல்லை. ஆறு முதல் எட்டுவரையான கிரேடுகளுக்கு பிரிட்டனில் கல்லூரிச் சேர்க்கைப் புள்ளிகள் உண்டு. நமக்கு அதனால் காலணா பயனில்லை.

தேர்வே வேண்டாம் என்ற முடிவும் மதிக்கத்தக்கதே. லண்டன் போன்ற ஊரில் அது மிக எளிது. ஈஸ்ட் லண்டன் லேட் ஸ்டார்ட்டர்ஸ் ஆர்கெஸ்ட்ரா என்று, வயதான பிறகு தந்திக்கருவி தொடங்கியவர்களுக்காகவே ஒரு குழு அங்கே இருக்கிறது. அமெச்சூர் குழுக்களில் வயோலாக்காரர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு, சுமாராக வாசிப்பவரையும் வரவேற்பார்கள். வாரந்தோறும் ஒத்திகையில் புதுத் தாளைப் பார்க்கிறவருக்கு சைட் ரீடிங் தேர்வு எதற்கு? அங்கே இருப்பவர்கள் தயங்காமல் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு எழுதலாம், அல்லது எதுவுமே எழுதாமல் இருக்கலாம். மதிப்பெண்ணும் கிரேடும் இல்லாமல், விருப்பப்படி வாசித்து எழுத்துக் கருத்து மட்டும் பெறும் பெர்ஃபார்மன்ஸ் அசெஸ்மென்ட் என்ற ஏற்பாட்டையும் ஏபிஆர்எஸ்எம் பெரியவர்களை மனத்தில் வைத்து உருவாக்கியது.

நம் ஊர்களில் அப்படிப்பட்ட குழு பக்கத்துத் தெருவில் இல்லை. ஆர்கெஸ்ட்ரா தரவேண்டிய பயிற்சியைத் தேர்வுதான் தரவேண்டியிருக்கிறது. ஆகவே சென்னையிலோ கோவையிலோ தனியாகக் கற்கும் ஒருவருக்கு, குறிப்பாகக் கர்நாடக வயலினிலிருந்து வந்தவருக்கு, முதல் தேர்வு ஏபிஆர்எஸ்எம் பிராக்டிகல் கிரேடு என்பதே என் பரிந்துரை. அது வசதியானது அல்ல. அவர் தானாகச் செய்யவே மாட்டாத வேலையை அது கட்டாயப்படுத்தும். பாடுவதில் தீராத கூச்சம் உள்ளவர், அல்லது முன்பு ஒரு தேர்வில் அடிபட்டு மனம் ஒடிந்தவர், ட்ரினிட்டிக்குப் போகலாம். ஆனால் துணைச் சோதனைகளில் ஒன்றாக சைட் ரீடிங்கை எடுத்துக்கொள்வதாகத் தனக்குத் தானே ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். மேற்கத்திய வயலினில் மேல் கிரேடுகள் முடித்து, வாசிக்கும் திறனோடு வருபவர் வயோலாவின் நாதத்தையும் வில் எடையையும் பழகினால் போதும். அவருக்கு வீடியோத் தேர்வு நேரத்தை மிச்சப்படுத்தும். ஊரில் தேர்வு மையமே இல்லாதவர்களுக்கும் வீடியோதான் வழி. அவர்கள் ஆசிரியரிடம் சொல்லி ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடம் புதுத் தாளுக்கு ஒதுக்கச் சொல்ல வேண்டும். தேர்வில் இருப்பதுபோலவே அரை நிமிடம் பார்த்துவிட்டு, நிறுத்தாமல், தவறினாலும் திரும்பிப் போகாமல் வாசிக்க வேண்டும். ஆசிரியரும் கூடவே இன்னொரு பகுதியை வாசித்தால் இன்னும் நல்லது. தனியாக வாசிக்கும்போது தொலைந்தால் நின்றுவிடலாம், இன்னொருவர் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கே மறுபடி ஏறிக்கொள்வது என்று தேடித்தான் ஆகவேண்டும்.

முடிவெடுத்த பிறகு செய்யவேண்டிய முதல் வேலை பாடத்திட்டத்தை இறக்கிப் பார்ப்பது. இரண்டாவது வேலை, கட்டணம் கட்டுவதற்கு முன்பே, பியானோ வாசிப்பவரைத் தொலைபேசியில் அழைத்து அந்தப் பருவத்தில் அவர் எந்தெந்த நாள்களில் ஊரில் இருக்கிறார் என்று கேட்பது. டிசம்பரை ஒட்டிய தேதி என்றால் இன்னும் முன்கூட்டியே கேட்க வேண்டும். கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகைகள் தொடங்கிவிட்டால் அவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.